பிளவுத் தீர்ப்பு: ஹேக்லர் – லியோனார்டு, 1987

1987 ஏப்ரல் 6 அன்று இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியின் வளாகத்தில், திறந்தவெளியில் போடப்பட்ட ரிங்கில் மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லியோனார்டும் மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்காக 12 சுற்றுகள் மோதினார்கள். இருவரில் ஒருவரும் கீழே விழவில்லை. தீர்ப்பாளர்கள் மூன்று பேர். லூ ஃபிலிப்போ 115–113 என்று ஹேக்லருக்குக் கொடுத்தார். டேவ் மொரெட்டி அதே 115–113-ஐ லியோனார்டுக்குக் கொடுத்தார். மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஹோஸே ஹுவான் குவெரா 118–110 என்று லியோனார்டுக்கு எழுதியிருந்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ஆறரை ஆண்டுகளாக ஹேக்லரிடம் இருந்த பட்டம் கைமாறியது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் இதைவிட மோசமான தீர்ப்புகள் பல உண்டு. ஆனால், இவ்வளவு நீண்ட காலம், இரு தரப்பிலும் விஷயம் தெரிந்தவர்களே நின்று வாதாடிய தீர்ப்பு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

தீர்ப்பைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பே ஹேக்லருக்குத் தீர்ப்பாளர்கள்மீது இருந்த அவநம்பிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் 1954-ல் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க்கில் பிறந்தவர். 1967-ல் அந்நகரில் வெடித்த இனக் கலவரத்துக்குப் பின் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் சொந்த ஊர் அது. அங்கே குடி, பேட் என்ற பெட்ரோனெல்லி சகோதரர்கள் நடத்திய பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பகலில் அவர்களுடைய கட்டட வேலை நிறுவனத்திலேயே கூலிக்கு உழைத்தார். அந்தச் சகோதரர்களை அவர் கடைசிவரை மாற்றவில்லை. இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

பெரிய விளம்பரதாரர் யாரும் பின்னால் இல்லாததால் பட்ட வாய்ப்பு அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவில், உள்ளூர் வீரர்களான பாபி வாட்ஸிடமும் வில்லி மன்ரோவிடமும் புள்ளிக்கணக்கில் தோற்றார். அவற்றில் வாட்ஸுக்குக் கிடைத்த வெற்றி அப்போதே கேலிக்கு உள்ளானது. கறுப்பர், இடதுகைப் பாணிக்காரர், அதோடு நன்றாகவும் சண்டை போடுபவர் என்ற மூன்று குறைகள் உன்னிடம் இருக்கின்றன என்று முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியர் அவரிடம் சொன்னதாக ஒரு கதை குத்துச்சண்டை வட்டாரத்தில் வெகுநாள் உலவியது. இடதுகைப் பாணி வீரரோடு மோதுவது சிரமம். ஜெயித்தாலும் பெயர் வராது. ஆகவே சாம்பியன்கள் அவரைத் தவிர்த்தார்கள்.

ஒருவழியாக 1979 நவம்பர் 30 அன்று, இதே சீசர்ஸ் பேலஸில், சாம்பியன் வீட்டோ அன்டுவோஃபெர்மோவுடன் மோதினார். 15 சுற்றுகளின் முடிவில் ஒரு தீர்ப்பாளர் ஹேக்லர் பக்கம், ஒருவர் அன்டுவோஃபெர்மோ பக்கம், மூன்றாமவர் சமம். சமநிலை என்றால் பட்டம் சாம்பியனிடமே இருக்கும். தீர்ப்பு அறிவிக்கும்முன் நடுவர் மில்ஸ் லேன் தம்மிடம், கையை உயர்த்தும்போது கேமரா பக்கம் திரும்பி நில் என்று சொன்னதாக ஹேக்லர் பின்னாளில் கூறினார். அதே இரவில் அதே ரிங்கில், வில்ஃப்ரட் பெனிடெஸை வென்று வெல்டர்வெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனவர் லியோனார்டு. ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த அழகான, பேசத் தெரிந்த இளைஞருக்குத் தொலைக்காட்சிப் பணம் மலைபோல் குவிய, ஹேக்லருக்குக் கிடைத்ததோ ஒரு சமநிலை. இருவருக்கும் இடையிலான கசப்புக்கு விதை அன்றே விழுந்தது எனலாம்.

பத்து மாதங்கள் கழித்து, 1980 செப்டம்பரில், லண்டன் வெம்ப்ளியில், அன்டுவோஃபெர்மோவிடமிருந்து பட்டத்தை வென்றிருந்த பிரிட்டனின் ஆலன் மின்டரை மூன்றே சுற்றில் முடித்தார் ஹேக்லர். முடிவைப் பொறுக்காத கூட்டம் பீர் பாட்டில்களை ரிங்குக்குள் வீசியது. பட்டம் வென்ற நிமிடத்தில் காவலர் சூழ ஓடி ஒளிய வேண்டியிருந்த சாம்பியன் அவர். அதன்பின் 12 முறை பட்டத்தைக் காத்தார். 1982-ல் ‘மார்வலஸ்’ என்பதைச் சட்டப்படியே தம் பெயரில் சேர்த்துக்கொண்டார். 1985 ஏப்ரலில் தாமஸ் ஹெர்ன்ஸுடன் நடந்த எட்டு நிமிடப் போர், மூன்றாம் சுற்றில் ஹெர்ன்ஸ் சாய்ந்ததோடு முடிந்தது. குத்துச்சண்டையின் மிக உக்கிரமான சண்டைகளில் ஒன்று என்று இன்றும் அது பேசப்படுகிறது.

பட்டத்தைக் காத்த அந்தப் பன்னிரண்டு சண்டைகளில் முழுச் சுற்றுகளும் போய்ப் புள்ளிக்கணக்கில் முடிந்தது ஒன்றே ஒன்று: 1983 நவம்பரில் ரொபெர்டோ டுரானுடன் நடந்தது. டுரான் லைட்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர், உருவத்தில் சிறியவர். ஆனாலும் கடைசி இரண்டு சுற்றுகளை வென்றுதான் ஹேக்லர் பட்டத்தைத் தக்கவைத்தார். தம்மைவிடச் சிறியவர் நகர்ந்து, கணக்குப் பார்த்து ஆடினால் ஹேக்லர் தயங்குகிறார் என்பது அன்று வெளிச்சமானது. ஒதுங்கி நின்று குத்தினால் இவரை நீ ஜெயிக்கலாம் என்று டுரானே தம்மிடம் சொன்னதாக லியோனார்டு பின்னர் கூறிவந்தார்.

லியோனார்டின் பாதை வேறு. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் லைட் வெல்டர்வெயிட் தங்கம். 1980-ல் டுரானிடம் ஒரு தோல்வி, ஐந்தே மாதத்தில் அதே டுரானைச் சண்டையை நடுவில் விட்டுவிட்டுப் போகும்படி செய்த பதிலடி. 1981-ல் புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் 14-ஆம் சுற்றில் ஹெர்ன்ஸை நிறுத்திய வெற்றி. 1982-ல் அவரது இடது கண்ணில் விழித்திரை விலகியிருப்பது தெரியவந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் பால்டிமோரில் ஒரு விழா எடுத்து ஓய்வை அறிவித்தார். ஹேக்லரையும் அழைத்திருந்தார். இருவரும் மோதினால் எப்பேர்ப்பட்ட சண்டையாக இருக்கும் என்று மேடையில் ஆசை காட்டிவிட்டு, அது நடக்கவே போவதில்லை என்று முடித்தார். ஹேக்லர் அந்த அவமதிப்பை மறக்கவில்லை. 1984 மே மாதம் திரும்பி வந்த லியோனார்டை, கெவின் ஹாவர்டு என்ற சாதாரண வீரர் நான்காம் சுற்றில் தரையில் உட்காரவைத்தார். லியோனார்டு ஒன்பதாம் சுற்றில் வென்றாலும் அன்றிரவே மறுபடி ஓய்வு அறிவித்தார். 1982 பிப்ரவரிக்கும் 1987 ஏப்ரலுக்கும் இடையே அவர் ஆடிய ஒரே தொழில்முறைச் சண்டை அதுதான்.

1986 மார்ச்சில் ஜான் முகாபியை வீழ்த்த ஹேக்லருக்கு 11 சுற்றுகள் பிடித்தன. ரிங்கோரம் அமர்ந்து அதைப் பார்த்த லியோனார்டு, ஹேக்லரின் கால்கள் முன்போல் இல்லை என்று கணித்தார். சில வாரங்களில் வெளிப்படையாகவே சவால் விட்டார். ஹேக்லர் உடனே தலையாட்டவில்லை. பல மாதங்கள் யோசித்தார். பாப் ஏரம் ஏற்பாட்டாளராக இருக்க, பேரம் தொடங்கியது.

அந்தப் பேரத்தில்தான் சண்டையின் பாதி தீர்மானிக்கப்பட்டது. உறுதிசெய்யப்பட்ட தொகை ஹேக்லருக்கு 1.2 கோடி டாலர், லியோனார்டுக்கு 1.1 கோடி, ஹேக்லருக்கு வசூலிலும் பங்கு. பணத்தில் விட்டுக்கொடுத்த லியோனார்டு தரப்பு நிபந்தனைகளில் கறாராக இருந்தது. ரிங் 20 அடி அகலம் வேண்டும். ஓட இடம் வேண்டுமே! கையுறை 10 அவுன்ஸ் வேண்டும். திணிப்பு அதிகமானால் ஹேக்லரின் குத்தின் கனம் குறையும். சுற்றுகள் 15 கூடாது, 12 போதும். ஐந்தாண்டாகப் பெரும்பாலும் ஓய்ந்திருந்த உடல் கடைசி மூன்று சுற்றுகளில்தான் கைவிடும். இதே சீசர்ஸ் பேலஸில் 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாள்களில் இறந்தார். அதையடுத்து உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டப்போட்டிகளை 12 சுற்றாகக் குறைத்திருந்தது. உலகப் பட்டம் வழங்கிய மற்ற இரு அமைப்புகளும் தயங்கிக்கொண்டிருந்தன. கட்டாயப் போட்டியாளரான ஹெரால் கிரஹாமைத் தவிர்த்தார் என்று உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஹேக்லரிடமிருந்த தன் பட்டத்தைப் பறித்தது. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு இந்தப் போட்டிக்கு அங்கீகாரம் தர மறுத்தது. ஆகக் களத்தில் இருந்தது கவுன்சிலின் பட்டம் ஒன்றே. ஹேக்லர் மூன்று நிபந்தனைகளுக்கும் ஒப்புக்கொண்டார். எங்கே, எந்த உறையோடு மோதினாலும் லியோனார்டை வீழ்த்திவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது; பந்தயச் சந்தையும் அவரையே நம்பியது.

தீர்ப்பாளர் தேர்விலும் ஒரு முரண் உண்டு. முதலில் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரி கிப்ஸின் பெயர் இருந்தது. ஹேக்லர் தரப்பு அவரை ஏற்கவில்லை. அவர் இடத்துக்கு மெக்சிகோவின் குவெரா வந்தார். கிப்ஸும் சர்ச்சைக்குப் பேர்போனவர்தான். 1971-ல் ஹென்றி கூப்பரிடமிருந்து ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்து ஜோ பக்னருக்குக் கால் புள்ளி வித்தியாசத்தில் கொடுத்ததற்காகப் பிரிட்டிஷ் ரசிகர்கள் அவரை வெகுகாலம் மன்னிக்கவில்லை. ஆனால், நிராகரிக்கப்பட்ட அந்தக் கிப்ஸ், லாஸ் வேகாஸ் சண்டையை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தம் கணக்கில் ஹேக்லரே ஜெயித்தார் என்று சொன்னார்.

இங்கே புள்ளி போடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பழைய நாளில் ஒருவர் எழ முடியாமல் கிடக்கும்வரை சண்டை நடந்ததால் தீர்ப்புக்கு வேலையே இருக்கவில்லை. 1867-ல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சுற்றையும் கையுறையையும் நிலைநிறுத்தின. சுற்றுகளுக்கு எல்லை வகுத்ததும், இருவரும் நின்றபடி முடிந்தால் யார் ஜெயித்தது என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டனில் அதைத் தனியாளாக நடுவரே தீர்த்தார். நியூயார்க்கில் 1911-ல் வந்த சட்டம் சூதாட்டத்துக்குப் பயந்து தீர்ப்பு சொல்வதையே தடைசெய்தது. மறுநாள் செய்தித்தாளில் நிருபர்கள் எழுதியதே தீர்ப்பு, பந்தயப் பணமும் அதன்படியே கைமாறியது. 1920-ல் வந்த வாக்கர் சட்டம்தான் அங்கே அதிகாரபூர்வத் தீர்ப்பாளர்களுக்கு இடம் கொடுத்தது.

நெவாடாவில் 1987-ல் இருந்தது இன்றும் உள்ள பத்துப் புள்ளி முறை. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்குக் கட்டாயம் 10, தோற்றவருக்கு 9, கீழே விழுந்தாலோ கடுமையாக அடிவாங்கினாலோ 8. தெளிவாக விழுந்த குத்து, பலன் தரும் முன்னேற்றம், ரிங்கைத் தன் வசம் வைத்திருக்கும் திறமை, தற்காப்பு ஆகிய நான்கையும் பார்த்துச் சுற்றை யாருக்குக் கொடுப்பது என்று தீர்ப்பாளர் முடிவுசெய்வார். ஒரு சுற்று முடிந்ததும் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், திருத்த வழியில்லை. இதில் உள்ள சூட்சுமம்: மூன்று நிமிடம் முழுக்க ஆதிக்கம் செலுத்தி வென்ற சுற்றுக்கும், மயிரிழையில் வென்ற சுற்றுக்கும் மதிப்பு பெரும்பாலும் ஒன்றுதான். யாரும் விழாத சண்டையில், ஐந்து சுற்றுகளை அமோகமாக வென்றவர், ஏழு சுற்றுகளை நூலிழையில் வென்றவரிடம் தோற்கக்கூடும். 115–113 என்பது ஏழுக்கு ஐந்து. 118–110 என்பது பத்துக்கு இரண்டு. லியோனார்டின் திட்டம் முழுக்க இந்தக் கணக்கின்மேல் கட்டப்பட்டது. ஹில்டன் ஹெட் தீவிலிருந்த பயிற்சி முகாமில் ஓட்டம், நகர்வு, சுற்றின் கடைசி நொடிகளில் சரமாரியான வீச்சு என்று அதற்கேற்பவே தயாரானார். ஹேக்லரோ பாம் ஸ்பிரிங்ஸில், எதிரியை வீழ்த்துவதற்கான வழக்கமான பயிற்சியிலேயே இருந்தார்.

மணி அடித்ததும் முதல் அதிர்ச்சி ஹேக்லரிடமிருந்தே வந்தது. பிறவி இடதுகைப் பாணிக்காரரான அவர், வலதுகைக்காரரைப் போல நின்று சண்டையைத் தொடங்கினார். தம்மால் இரு பாணியிலும் ஆட முடியும், லியோனார்டைவிடத் தாமும் நுணுக்கக்காரரே என்று காட்ட நினைத்திருக்கலாம். என்ன காரணமாக இருந்தாலும் விலை பெரிது. லியோனார்டு பக்கவாட்டில் சுழன்றபடி ஜாப் குத்தி, மூன்று நான்கு குத்துகளைக் கோத்து வீசி, ஹேக்லர் கை ஓங்குவதற்குள் விலகிப்போனார். முதல் இரண்டு சுற்றுகளும் லியோனார்டுக்கு என்பதில் மூன்று தீர்ப்பாளர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மூன்றாம் சுற்றில் ஹேக்லர் தம் பாணிக்குத் திரும்பினார். ஆனால் 12 சுற்றுச் சண்டையில் இரண்டைத் தானமாகக் கொடுத்தாயிற்று.

நான்காம் சுற்றில் லியோனார்டு வலது கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டி ஹேக்லரின் வயிற்றில் ஒரு போலோ குத்து விட்டார். வலியைவிட அவமானமே அதில் அதிகம், கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐந்தாம் சுற்றின் முடிவில் ஹேக்லரின் அப்பர்கட் ஒன்று லியோனார்டை நிலைகுலையவைத்தது. அதற்குமேல் லியோனார்டின் கால்கள் கனக்கத் தொடங்கின. ஹேக்லர் தூரத்தைக் குறைத்து விலாவில் குத்த ஆரம்பித்தார்.

இந்தக் கட்டத்தில் லியோனார்டின் மூலையில் நடந்தது கவனிக்கத்தக்கது. சுற்று முடிய 30 நொடி இருக்கும்போது அவரது உதவியாளர் ஆலி டன்லப் ‘முப்பது’ என்று கத்துவார். அதுவரை ஓடிக்கொண்டோ கட்டிப்பிடித்துக்கொண்டோ இருந்த லியோனார்டு அந்தக் குரல் கேட்டதும் நின்று இரு கைகளாலும் பொழிவார். அவற்றில் பல குத்துகள் ஹேக்லரின் கையுறையிலும் முன்கையிலும்தான் விழுந்தன. ஆனால், மணி அடிக்கும்போது தீர்ப்பாளரின் கண்ணில் நிற்பது அந்தக் கடைசிக் காட்சி. ரசிகர்களின் ஆரவாரமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இது ஏமாற்று அல்ல. விதிகளுக்குள் நின்று விதிகளின் பலவீனத்தைப் பயன்படுத்திய சாமர்த்தியம்.

ஒன்பதாம் சுற்றுதான் இரவின் உச்சம். லியோனார்டை மூலையில் அடைத்து ஹேக்லர் இரு கைகளாலும் தாக்கினார். ஓட இடமில்லாமல் லியோனார்டும் நின்று திருப்பியடித்தார்; முடிந்துவிட்டார் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும் குத்து மழையோடு கயிற்றிலிருந்து வழுக்கி வெளியே வந்தார். தொடர்ந்த சுற்றுகளில் வேகம் தணிந்தது. 11-ஆம் சுற்றில் லியோனார்டு மறுபடி துள்ளிக் காட்டினார். கடைசிச் சுற்றில், எதிரே நிற்பவரை முறைத்துக்கொண்டே கைகளை உயர்த்தி ஆடினார். ஹேக்லர் துரத்திக்கொண்டே இருந்தார். கடைசி மணிக்குப் பிறகு இருவரும் வென்றவர்போல் நடனமாடினார்கள்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் லியோனார்டின் ஆள்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். நீதான் ஜெயித்தாய் என்று ரிங்கிலேயே லியோனார்டு தம் காதில் சொன்னதாக ஹேக்லர் கடைசிவரை சாதித்தார். அப்படிச் சொல்லவில்லை, நீ ஒரு மாபெரும் சாம்பியன் என்றே சொன்னேன் என்று லியோனார்டு மறுத்தார். பேட் பெட்ரோனெல்லியின் கோபம் முழுதும் குவெராமீது பாய்ந்தது. அவரைச் சிறையில் போட வேண்டும் என்றார். அந்த ஆள் வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தான் என்பதை நிருபர்கள் நினைவூட்டத் தவறவில்லை.

எழுத்தாளர்களும் பிளவுபட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் ஜிம் மரே, லியோனார்டு தெளிவாகவே வென்றார் என்று எழுதினார். பிரிட்டனின் ஹியூ மக்கில்வேனி, பளபளப்பான குறுகிய வீச்சுகளால் சுற்றுகள் களவாடப்பட்டன என்று வாதிட்டார். கையுறையில் விழுந்த குத்துகளைத் தீர்ப்பாளர் இருவர் எண்ணிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. ‘ஆன் த வாட்டர்ஃப்ரன்ட்’ படத்தின் திரைக்கதையாசிரியரும் பழுத்த குத்துச்சண்டை ரசிகருமான பட் ஷுல்பெர்க் இன்னொன்றைச் சொன்னார்: இது ஒரு காட்சிப் பிழை. ஐந்தாண்டில் ஒரே ஒருமுறை ஆடியவர் மூன்று சுற்றில் விழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஈடுகொடுத்து நின்றதே ஜெயிப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தது. சர்ச்சையைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் கூர்மையானது இதுதான்.

கணினியில் குத்துகளை எண்ணும் முறை அப்போது புதிது. அதன்படி லியோனார்டு வீசியவை 629, இலக்கில் விழுந்தவை 306. ஹேக்லர் வீசியவை 792, விழுந்தவை 291. லியோனார்டு ஆதரவாளர்கள் இந்த 15 குத்து வித்தியாசத்தை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. ஆனால், பொத்தானை அழுத்துகிறவரும் தீர்ப்பாளரைப் போலவே கண்ணால் பார்த்துத்தான் எண்ணுகிறார். குத்தின் கனம் அந்த எண்ணிக்கையில் வராது. ஹேக்லரின் குத்துகளே கனமானவை என்பதை லியோனார்டு தரப்பும் மறுக்கவில்லை. துல்லியத்தில் லியோனார்டு மேல், வலுவில் ஹேக்லர் மேல் என்பதற்குமேல் அந்த எண்கள் எதையும் நிரூபிப்பதில்லை.

ஹேக்லர் தரப்பின் இன்னொரு வாதம் மரபைச் சார்ந்தது: பட்டத்தைப் பறிக்க வருபவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெல்ல வேண்டும், நூலிழைச் சண்டையில் சாம்பியனுக்கே சலுகை. குத்துச்சண்டை உலகில் இது பலகாலம் எழுதாத சட்டமாக இருந்தது. 1947 டிசம்பரில், மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜெர்சி ஜோ வால்காட் இருமுறை சாம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்தியும், நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்கே கொடுத்தும், தீர்ப்பாளர் இருவர் லூயிஸ் பக்கம் சாய்ந்தார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து முன்பே ரிங்கை விட்டு இறங்கப்போன லூயிஸ் பட்டத்தோடு வீடு திரும்பினார். ஆனால் விதிப்புத்தகம் எதிலும் இந்தச் சலுகை இல்லை. சுற்றுவாரியாகப் புள்ளி போடும் தீர்ப்பாளருக்கு எதிரே இருப்பவர் சாம்பியனா சவாலாளரா என்பது கணக்கிலேயே வரக்கூடாது. ஹேக்லர் 1979-ல் சவாலாளராக இருந்தபோது அவரைக் கெடுத்ததும் இதே மரபுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீட்டுகளை அருகில் வைத்துப் பார்த்தால் முடிவு எவ்வளவு மெலிதான நூலில் தொங்கியது என்பது விளங்கும். மொரெட்டி லியோனார்டுக்குக் கொடுத்த ஏழு சுற்றுகளில் ஒன்றை மட்டும் ஹேக்லருக்கு மாற்றினால் அவரது சீட்டு 114–114 ஆகும். அப்போது ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று, மூன்றாவது சமம், மொத்தத்தில் சமநிலை, பட்டம் ஹேக்லரிடமே நிற்கும். ஆரம்பத்தில் வலதுகைப் பாணியில் நின்று இழந்த இரண்டு சுற்றுகளில் ஒன்றை மீட்டிருந்தாலே போதும். இன்றைக்கு அந்தச் சண்டையின் ஒளிப்பதிவைப் பார்ப்பவர் ஏழுக்கு ஐந்து என்று எந்தப் பக்கம் எழுதினாலும் அதைத் தவறென்று ஒதுக்க முடியாது. சமமாக எழுதினாலும் அப்படியே. ஒதுக்க வேண்டியது பத்துக்கு இரண்டு என்ற குவெராவின் சீட்டை மட்டும். அந்தச் சீட்டு இல்லாமல், வேறொருவர் 115–113 என்று லியோனார்டுக்குக் கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்காது. ஆனால் திருட்டு என்ற கூச்சல் பாதியாகக் குறைந்திருக்கும்.

‘தி ரிங்’ குத்துச்சண்டை இதழ் ஹேக்லர் – லியோனார்டு மோதலை அந்த ஆண்டின் சிறந்த சண்டையாகத் தேர்ந்தெடுத்தது. லியோனார்டு பட்டத்தைத் துறந்து மீண்டும் ஓய்வு அறிவித்தார். ஹேக்லர் மறுசண்டைக்குக் காத்திருந்தார். ஓராண்டுக்குமேல் காத்திருந்தும் அழைப்பு வராததால் 1988 ஜூனில் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு நவம்பரில் லியோனார்டு திரும்பி வந்து டானி லாலோண்டை வென்றார். 1989 ஜூனில் ஹெர்ன்ஸ் அவரை இருமுறை வீழ்த்தியும் தீர்ப்பு சமநிலை என்று வந்தது. அதில் ஹெர்ன்ஸே வென்றார் என்று லியோனார்டு பின்னர் ஒப்புக்கொண்டார். ஹேக்லர் சண்டை பற்றி அப்படி ஒருபோதும் சொல்லவில்லை. 1990-ல் மறுசண்டைப் பேச்சு எழுந்தபோது ஹேக்லர் மறுத்துவிட்டார். அவர் இத்தாலியின் மிலான் நகரில் குடியேறிச் சில படங்களில் நடித்தார். பெரிய வீரர்களில் பலர் போல ஐம்பது வயதில் பணத்துக்காக ரிங்குக்குத் திரும்பவில்லை. 2021 மார்ச் 13 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் தம் 66-ஆம் வயதில் காலமானார். 62 வெற்றி, 3 தோல்வி, 2 சமநிலை என்பது அவரது கணக்கு. மூன்றாவது தோல்வி லியோனார்டிடம்.

புள்ளி முறை மாறவில்லை, சர்ச்சைகளும் நிற்கவில்லை. 1993-ல் சான் அன்டோனியோவில் பெர்னெல் விட்டேக்கர் தெளிவாக மேலோங்கியும் ஹூலியோ சீசர் சாவெஸுடன் சமநிலை. 1999 மார்ச்சில் லெனாக்ஸ் லூயிஸ் – எவாண்டர் ஹோலிஃபீல்டு சண்டையும் சமநிலை. அங்கே கணினி எண்ணிக்கையில் லூயிஸின் குத்துகள் ஹோலிஃபீல்டுடையதைப்போல இரண்டரை மடங்குக்குமேல். 2012-ல் மேனி பாக்கியாவோவிடமிருந்து டிமதி பிராட்லி பட்டம் பெற்றபோது, உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து தீர்ப்பாளர்களை உட்காரவைத்து ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டியது. ஐவரும் பாக்கியாவோவுக்கே கொடுத்தார்கள். முடிவு மட்டும் மாற்றப்படவில்லை. 1979-ல் ஹேக்லருக்கு வெற்றி எழுதிய ட்வேன் ஃபோர்டு, பிராட்லிக்குக் கொடுத்த இருவரில் ஒருவர். சுற்றுகளுக்கு நடுவிலேயே புள்ளிகளை அறிவித்துவிடும் ஏற்பாட்டை உலகக் குத்துச்சண்டை கவுன்சில் சில இடங்களில் கொண்டுவந்தது. அது 1987-ல் இருந்திருந்தால், தாம் பின்தங்கியிருப்பது ஹேக்லருக்கு நான்காம் சுற்றிலேயே தெரிந்திருக்கும். முன்னிலை பெற்றவர் மீதி நேரம் ஓடியே கழிப்பார் என்ற மறுப்பும் நியாயமானதே.

2017 செப்டம்பர் 16 அன்று, அதே லாஸ் வேகாஸில், அதே மிடில்வெயிட் எடைக்கு, கென்னடி கொலோவ்கினும் சவுல் கனெலோ அல்வாரெஸும் 12 சுற்றுகள் மோதினார்கள். டேவ் மொரெட்டி 115–113 என்று கொலோவ்கினுக்குக் கொடுத்தார். டான் ட்ரெல்லா 114–114 என்றார். அடலெய்ட் பேர்டு 118–110 என்று அல்வாரெஸுக்கு எழுதினார். சண்டை சமநிலை ஆயிற்று. பேர்டைப் பெரிய போட்டிகளிலிருந்து சில காலம் ஒதுக்கிவைக்கப்போவதாக நெவாடா அதிகாரிகள் அறிவித்தார்கள். மூன்று சீட்டுகளில் பெரும்பான்மையை வைத்து முடிவு சொல்லும் முறையை அவர்கள் தொடவில்லை.